மதங்களை ஒரே அட்டவணைக்குள் அடைக்கும்போது எங்கே பிசகுகிறது?

ஒன்பது மதங்களை வரிசையாக எழுதி, நிறுவியவர், தோன்றிய ஆண்டு, புனித நூல், கடவுள், மறுமை என்று ஐந்து கட்டங்கள் போட்டிருக்கிறீர்கள். பிழை இருந்தால் திருத்தும்படியும், இவற்றுள் எது மூத்தது என்று சொல்லும்படியும் கேட்டிருக்கிறீர்கள்.

சில்லறைப் பிழைகளைத் திருத்துவது எளிது. பெரிய கோளாறு கட்டங்களின் தலைப்பில் இருக்கிறது. ஒரு நிறுவனர், ஒரு நூல், ஒரு கடவுள், நம்பினால் உள்ளே, நம்பாவிட்டால் வெளியே என்பது ஏறக்குறைய கிறிஸ்தவத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. இஸ்லாமுக்கு அது சில இடங்களில் பிடிக்கும், யூத மதத்துக்குத் தோளில் இடிக்கும், இந்து மதத்துக்குக் கையே நுழையாது. ஜப்பானின் ஷிண்டோவையும் ஈரானில் பிறந்த பஹாயையும் விட்டுவிட்டீர்கள். அந்த இரண்டு வரிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏன் என்பது போகப்போகத் தெரியும். இனி கட்டம் கட்டமாகப் பார்ப்போம்.

தோன்றிய ஆண்டு

அதிகம் பிசகுவது இந்தக் கட்டத்தில்தான். ஒரு மதத்துக்குக் குறைந்தது நான்கு பிறந்த தேதிகள் உண்டு. மூலவராகக் கருதப்படுபவர் வாழ்ந்த காலம் ஒன்று. நூல் இன்றைய வடிவத்துக்கு வந்த காலம் இன்னொன்று. தாய் மதத்திலிருந்து தனிக்குடித்தனம் போன காலம் மூன்றாவது. அந்தப் பெயர் ஒட்டிக்கொண்ட காலம் நான்காவது. இந்த நான்குக்கும் இடையே பல நூற்றாண்டுகள் ஓடியிருக்கலாம். உங்கள் அட்டவணை ஒரு வரியில் முதல் தேதியையும் அடுத்த வரியில் இரண்டாம் தேதியையும் எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் வயதை ஒப்பிட முடியவில்லை.

கிறிஸ்தவத்துக்கு கி.பி. 1 என்று போட்டிருக்கிறீர்கள். அந்த ஆண்டுக் கணக்கு 525-இல் டயோனிசியஸ் எக்சிகுவஸ் என்ற துறவி போட்டது. இயேசு பிறந்தபோது ஏரோது மன்னன் உயிரோடிருந்ததாக நற்செய்தி சொல்கிறது, அவனோ கி.மு. 4-இல் இறந்துவிட்டான். ஆகவே பிறப்பு கி.மு. 6-க்கும் 4-க்கும் நடுவில் வரும். சிலுவையேற்றம் பொந்தியு பிலாத்து ஆளுநராக இருந்த 26–36-க்குள், பெரும்பாலும் 30 அல்லது 33. ஆனால் அப்போது "கிறிஸ்தவம்" என்று ஒரு மதமே கிடையாது. இருந்தவர்கள் இயேசுவை மெசியாவாக ஏற்ற யூதர்கள். யூதரல்லாதவர் சேர விருத்தசேதனம் தேவையா என்று எருசலேமில் கூடிப் பேசியது 49 வாக்கில். தேவையில்லை என்று முடிவானபோதுதான் பாதை பிரியத் தொடங்கியது. பவுலின் கடிதங்கள் 50-களில் எழுதப்பட்டவை, அதாவது நான்கு நற்செய்திகளுக்கும் முந்தியவை. புதிய ஏற்பாட்டின் வரிசையைப் பார்த்து நற்செய்திகள்தான் முதலில் வந்தன என்று எழுதுவது வழக்கமான தவறு. இன்றைய 27 நூல்களின் பட்டியல் அப்படியே கிடைப்பது 367-இல், அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியஸின் உயிர்ப்பு விழாக் கடிதத்தில். ஒரே ஆண்டுதான் போட வேண்டும் என்றால் "கி.பி. 30 வாக்கில்" என்று போடுங்கள். அது இயக்கம் தொடங்கிய ஆண்டு என்பதை மட்டும் குறித்து வையுங்கள்.

இஸ்லாமுக்கு நீங்கள் போட்ட 622, நபி மக்காவிலிருந்து மதீனாவுக்குப் பெயர்ந்த ஹிஜ்ரத் ஆண்டு. வஹீ, அதாவது இறைச்செய்தி, இறங்கத் தொடங்கியது 610. ஹிஜ்ரத்தை ஆண்டுக்கணக்கின் தொடக்கமாக வைத்தது கலீஃபா உமரின் ஆட்சியில், 638 வாக்கில். நபியின் பிறப்பையோ முதல் வஹீயையோ அவர்கள் தொடக்கமாக எடுக்கவில்லை. சமூகமாகத் திரண்ட ஆண்டை எடுத்தார்கள். தங்கள் மதம் எதில் தொடங்குகிறது என்று அவர்கள் கருதியது அதிலேயே தெரிகிறது.

புத்தருக்கு 563–483 என்று உறுதியாக எழுதியிருக்கிறீர்கள். அந்த எண் எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் அந்த உறுதி போய்விடும். அசோகர் தம் பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டில் அந்தியோகஸ், தாலமி, அந்திகோனஸ், மகஸ், அலெக்சாந்தர் என்று சமகால கிரேக்க அரசர் ஐவரின் பெயரைச் சொல்கிறார். அந்த ஐவரும் ஒருசேர வாழ்ந்த ஆண்டுகளை வைத்து அசோகரின் முடிசூட்டு கி.மு. 268 வாக்கில் என்று கணிக்கிறார்கள். அங்கிருந்து பின்னால் எண்ண வேண்டும். புத்தர் மறைந்து 218 ஆண்டு கழித்து முடிசூட்டு என்று இலங்கை வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அப்படியானால் மறைவு 486 வாக்கில். வடக்கு மரபோ 100 ஆண்டு என்கிறது. அப்படியானால் 368 வாக்கில். தேரவாத நாடுகளின் புத்த ஆண்டு இந்த இரண்டையும் விட்டுவிட்டு கி.மு. 544-ஐ ஒட்டி எண்ணுகிறது. ஆய்வாளர்கள் பலர் இப்போது கி.மு. 400-ஐ ஒட்டி வைக்கிறார்கள். "கி.மு. 5ஆம் நூற்றாண்டு" என்று எழுதினால் வம்பில்லை.

யூத மதத்துக்கு "ஆபிரகாம், கி.மு. 2000" என்று இருக்கிறது. அது மரபு சொல்வது. ஆபிரகாமைப் பற்றி விவிலியத்துக்கு வெளியே சமகாலச் சான்று ஏதுமில்லை. இஸ்ரேல் என்ற மக்கள்கூட்டத்தின் பெயர் முதலில் தெளிவாக வருவது எகிப்து மன்னன் மெர்நெப்தாவின் வெற்றிக் கல்வெட்டில், கி.மு. 1208 வாக்கில். அந்தப் பழைய இஸ்ரேலியர் எல்லோரும் ஒரே கடவுளை மட்டும் வணங்கினார்கள் என்றும் சொல்ல முடியாது. சினாய்ப் பாலையில் குந்திலெத் அஜ்ருத் என்ற இடத்தில் கிடைத்த, கி.மு. 800-ஐ ஒட்டிய எழுத்துகளில் "யாவே, அவருடைய ஆஷெரா" என்று சேர்த்துச் சொல்லப்பட்டிருக்கிறது. யாவே இஸ்ரேலின் கடவுள், ஆஷெரா ஒரு பெண் தெய்வத்தின் பெயர். வேறு தெய்வமே கிடையாது என்ற பேச்சு ஐயத்துக்கிடமின்றி ஒலிப்பது பாபிலோனியச் சிறைவாசக் காலத்தில். பாபிலோன் மன்னன் நெபுகத்நேசர் கி.மு. 586 வாக்கில் எருசலேம் ஆலயத்தை இடித்தான். நாடும் அரசனும் ஆலயமும் போன பிறகு கையில் மிஞ்சியது நூலும் சட்டமும் ஓய்வுநாளும்தான். மோசேயின் ஐந்து நூல்களான தோரா இன்றைய உருவம் பெற்றது அக்காலத்திலும் அதற்குப் பின்னும். இரண்டாம் ஆலயத்தை கி.பி. 70-இல் ரோமர் இடித்தபோது பலி கொடுக்கும் மதம் முடிந்தது. ரபிகள் வழிநடத்தும், தொழுகைக்கூடத்தையும் படிப்பையும் மையமாகக் கொண்ட இன்றைய யூத மதம் அதன் பிறகு கட்டியது. அதன் அடித்தளமான மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பு தொகுக்கப்பட்டது 200 வாக்கில். இதைப் பார்த்தால் யூத மதத்தைக் கிறிஸ்தவத்தின் தாய் என்பதைவிட, இடிந்த ஒரே வீட்டிலிருந்து கிளம்பிய அக்கா தங்கை என்று இரண்டையும் சொல்வது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இந்து மதத்துக்கு எதிரே உள்ள "கி.மு. 1500" ரிக் வேதத்துக்குச் சொல்லப்படும் காலம். 1,028 பாடல்கள் கொண்ட அந்தத் தொகுப்பில் இந்திரனும் அக்னியும் சோமனும்தான் பெரிய புள்ளிகள். விஷ்ணுவுக்கு உரிய பாடல்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சிவன் அங்கே ருத்திரனாக ஓர் ஓரத்தில் நிற்கிறார். கோயில் இல்லை, திருவுருவம் இல்லை. பக்தியும் கோயிலும் சேர்ந்த இன்றைய வழிபாடு மிகவும் பிற்பட்டது. "இந்து" என்ற சொல்லே சிந்து நதியின் பெயரைப் பாரசீகர் உச்சரித்த விதம். பேரரசன் டேரியஸின் கல்வெட்டில் அது ஒரு நாட்டின் பெயர். மதத்தின் பெயராக ஆங்கில எழுத்தில் நிலைபெற்றது 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19இன் தொடக்கத்திலும். நான்கு தேதிகளுக்கும் இடையே மூவாயிரம் ஆண்டு இடைவெளி வருகிற வரி இது ஒன்றுதான்.

எதிலிருந்து கிளைத்தது என்று கேட்காமல் எதற்கு எதிரே பெயர் பெற்றது என்று கேட்டால் இது புரியும். ஜப்பானில் ஆற்றையும் மலையையும் முன்னோரையும் வழிபட்டவர்களுக்கு அந்த வழிபாட்டுக்கு ஒரு பெயர் வைக்கும் தேவையே இருக்கவில்லை. 6ஆம் நூற்றாண்டில் பௌத்தம் வந்து இறங்கியதும், அது அல்லாததைக் குறிக்க ஒரு சொல் வேண்டியிருந்தது. "ஷிண்டோ" என்ற சொல் 720-இல் முடிந்த நிஹோன் ஷோகி என்ற வரலாற்று நூலில் வருகிறது. பக்கத்து வீட்டுக்குக் குடி வந்த பிறகுதான் நம் வீட்டுக்குப் பெயர்ப்பலகை மாட்டுகிறோம்.

எது மூத்தது என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். சடங்குக்காகக் கட்டியவை என்று கருதப்படும் கட்டுமானங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று துருக்கியின் கோபெக்லி தெபே, ஏறக்குறைய கி.மு. 9500. அங்கே யாரை வணங்கினார்கள் என்பது எவருக்கும் தெரியாது. உயிரோடிருக்கும் எந்த மதமும் அதற்கு வாரிசு உரிமை கோர முடியாது. சிந்துவெளி முத்திரையில் அமர்ந்திருப்பவரைச் சிவன் என்று சொல்லி இந்து மதத்தின் வயதைக் கூட்டுவோரும் உண்டு. அந்த எழுத்தை இன்னும் யாரும் வாசிக்கவில்லை. வாசிக்காத எழுத்தைச் சாட்சிக்கூண்டில் ஏற்றக் கூடாது. அறுபடாத நூல் மரபு என்று பார்த்தால் ரிக் வேதமும், பார்சிகளின் மூலவரான ஜரதுஷ்டிரர் பாடியதாகச் சொல்லப்படும் 17 காதைகளும் முன்னால் நிற்கின்றன. ஜரதுஷ்டிரரை கி.மு. 6ஆம் நூற்றாண்டில் வைக்கும் கணக்கு ஒன்று உண்டு. ஆனால் காதைகளின் மொழி ரிக் வேத மொழிக்கு உடன்பிறப்பு போல இருப்பதால், கி.மு. 1500–1000 என்று வைப்பவர்கள்தான் இன்று அதிகம். அந்த உறவுக்குள் ஒரு பகையும் ஒளிந்திருக்கிறது. வேதத்தில் தேவர் நல்லவர். அசுரர் பின்னாளில் கெட்டவர் ஆனார். காதைகள் அடங்கிய ஜரதுஷ்டிரப் புனித நூலான அவெஸ்தாவில் அகுர மஸ்தாவே இறைவன், தேவர்கள் பேய்கள். இந்திரன் பெயர் அங்கே பேய்ப் பட்டியலில் வருகிறது. வேத தெய்வங்களுக்குத் தேதியோடு கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்றோ இந்தியாவில் இல்லை. மித்திரன், வருணன், இந்திரன், நாசத்தியர் பெயரால் சிரியப் பகுதியை ஆண்ட மித்தானி அரசன் ஆணையிட்ட உடன்படிக்கை, கி.மு. 14ஆம் நூற்றாண்டில் ஹிட்டைட்டுகளோடு செய்தது, துருக்கி மண்ணில் கிடைத்தது.

நிறுவியவர்

இந்தக் கட்டத்தை இரண்டாகப் பிளந்துவிடுங்கள்: வரலாற்றாளர் சொல்வது, மதத்தவர் சொல்வது. சமணத்துக்கு மகாவீரரை எழுதியிருக்கிறீர்கள். சமணர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அவர் இருபத்துநான்காம் தீர்த்தங்கரர். அவருக்கு 250 ஆண்டு முன் இருபத்துமூன்றாமவர் பார்சுவர் என்பது அவர்கள் மரபு. பார்சுவர் உண்மையில் வாழ்ந்தவர் என்பதை வரலாற்றாளர் பலரும் ஏற்கிறார்கள். இஸ்லாமிய நம்பிக்கையில் முகம்மது நபி இறுதித் தூதர், முதல் நபி ஆதம். "முகம்மதியர்" என்ற பழைய பெயரை முஸ்லிம்கள் வெறுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். புத்தரும் தாம் புதிதாக எதையும் உண்டாக்கவில்லை என்கிறார்: காட்டில் மூடிக்கிடந்த பழைய பாதையையும், அது போய்ச்சேரும் பழைய நகரத்தையும் கண்டவனைப் போல என்று உவமை சொல்கிறார்.

சீனாவின் தாவோ மதத்துக்கு லாவோசி என்று இருக்கிறது. அப்படி ஒருவர் இருந்தாரா என்பதே ஐயம். அவர் பெயரில் வழங்கும் தாவோ தே ஜிங் என்ற நூல் பழையது என்பதில் ஐயமில்லை: கி.மு. 300-ஐ ஒட்டிய குவோதியன் கல்லறையில் 1993-இல் மூங்கில் பட்டைகளில் அதன் பகுதிகள் கிடைத்தன. 1973-இல் மாவாங்துயியில் கிடைத்த பட்டுப் பிரதிகளில் நூலின் இரண்டு பாதிகளும் இன்றைய வரிசைக்கு நேர்மாறாக இருந்தன. ஆனால் குருமாரும் சடங்கும் சபையும் கொண்ட மதமாக அது தொடங்குவது, ஜாங் தாவோலிங் கி.பி. 142-இல் தமக்கு அருள்வெளிப்பாடு கிடைத்ததாக அறிவித்ததிலிருந்து. நூல் முன்னே, மதம் நானூறு ஆண்டு பின்னே.

சீக்கியத்தில் சிக்கல் குறைவு. குரு நானக் (1469–1539) தொடங்கினார். அமுதம் பெற்றவர்களின் கால்சா அமைப்பு 1699. நீங்கள் போட்ட ஆண்டு அது. பத்தாவது குரு 1708-இல் மறைந்தபோது ஆள்வழி குரு மரபு முடிந்து நூலே குருவானது. பஹாய் இன்னும் எளிது: அதன் முன்னோடியான பாப் தம்மை வெளிப்படுத்தியது ஷிராஸ் நகரில், 1844 மே 22 அன்று சூரியன் மறைந்த பின். நாளும் நேரமும் எழுதி வைத்த காலத்தில் பிறந்த மதம். அதற்குள்ளும் அதை நிறுவிய பஹாவுல்லா 1863-இல் பாக்தாத்தில் அறிவித்தது இன்னொரு தொடக்கம்!

புனித நூல்

கையெழுத்துப் பிரதியின் வயதை நூலின் வயதாகக் கொள்வது ஒரு தவறு. நூலின் வயதைப் பிரதிக்கும் ஏற்றுவது அதன் மறுபக்கம். இன்றிருக்கும் பழைய அவெஸ்தா பிரதிகள் கி.பி. 13, 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. புனே பண்டார்க்கர் நிறுவனத்தில் உள்ள ரிக் வேதப் பிரதிகளில் பழையது 1464. இடைப்பட்ட ஆயிரக்கணக்கான ஆண்டு வாய்வழியே கடந்தது. அப்படியானால் சிதைந்திருக்காதா? சிதையாமலிருக்க ஓர் இயந்திரமே செய்து வைத்திருந்தார்கள். நான்கு சொற்களை 1, 2, 3, 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். பதபாடம் என்ற ஓதல் முறையில் ஒவ்வொரு சொல்லும் தனியே. கிரமம் என்ற முறையில் 1-2, 2-3, 3-4. ஜடையில் 1-2, 2-1, 1-2. அடுத்து 2-3, 3-2, 2-3. கனத்தில் 1-2, 2-1, 1-2-3, 3-2-1, 1-2-3. அடுத்து இரண்டாம் சொல்லிலிருந்து மறுபடியும். சமஸ்கிருதத்தில் அடுத்தடுத்த சொற்கள் புணரும்போது ஒலி மாறும். வரிசையைத் திருப்பினால் புணர்ச்சியும் மாறும். ஆகவே ஒரு சொல்லைத் தவறாக மனப்பாடம் செய்தவர் திருப்பிச் சொல்லும்போது மாட்டிக்கொள்வார். இந்த முறை காப்பது ஒலியை, பொருளை அன்று. ஒலி பிசகாமல் வந்தும் பொருள் விளங்காத சொற்கள் வேதத்தில் இருப்பது இதனால்தான்.

யூதர் காப்பது எழுத்தை. தோராச் சுருளில் 304,805 எழுத்துகள். ஓர் எழுத்து விடுபட்டாலும், இரண்டு எழுத்து ஒட்டிக்கொண்டாலும், திருத்தும்வரை அந்தச் சுருளைச் சபையில் ஓதக் கூடாது. இந்தக் கட்டுப்பாடு எவ்வளவு பலித்தது என்று சோதிக்க 1947-இல் வாய்ப்பு வந்தது. சாக்கடலோரக் குகைகளில் கிடைத்த ஏசாயா சுருள், முழு எபிரேய விவிலியத்தின் 1008ஆம் ஆண்டுப் பிரதியைவிட ஆயிரம் ஆண்டுக்கும் மேல் மூத்தது. எழுத்துக்கூட்டல் வேறுபாடுகளும் சில சொல் வேறுபாடுகளும் தவிர, நூல் அதே நூல். "பார்த்தீர்களா, மாறவே இல்லை" என்று இதை மட்டும் எடுத்துச் சொல்வார்கள். அதே குகைகளில் கிடைத்த எரேமியா துணுக்கு ஒன்று, இன்றைய பாடத்தைவிடக் குறுகிய, கிரேக்க மொழிபெயர்ப்போடு ஒத்துப்போகும் வேறொரு பாடத்தைக் காட்டுகிறது. பாடம் ஒன்றாக நிலைத்த பிறகு கறாராகக் காத்தார்கள். அதற்கு முன் ஒன்றுக்கு மேற்பட்ட பாடங்கள் புழங்கின.

குர்ஆன் வரியில், கலீஃபா உஸ்மான் காலத்தில், 650 வாக்கில், பிரதி ஒழுங்குபடுத்தப்பட்டது என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அக்கால எழுத்தில் பெரும்பாலும் புள்ளியும் உயிர்க்குறியும் கிடையாது. ஆகவே எழுத்து மனப்பாடத்துக்குத் துணை நின்றது. மனப்பாடத்தின் இடத்தைப் பிடிக்கவில்லை. ஏற்கப்பட்ட ஓதல் முறைகள் பத்து. இன்று அச்சில் பரவலாக இருப்பது அவற்றுள் ஹஃப்ஸ் என்பவர் வழி வந்தது. அதைப் பரப்பியது 1924-இன் கெய்ரோ பதிப்பு.

"பைபிள்" என்று ஒரே சொல்லில் எழுதியிருப்பது போதாது. புராட்டஸ்டன்ட்டுகளுக்கு 66 நூல், கத்தோலிக்கருக்கு 73, எத்தியோப்பியத் திருச்சபைக்கு 81. சமணத்திலும் இப்படித்தான்: சுவேதாம்பரரில் ஒரு பிரிவு 45 ஆகமங்களை ஏற்கிறது, இன்னொரு பிரிவு 32, திகம்பரரோ மூல அங்கங்கள் மறைந்துவிட்டன என்கிறார்கள். பௌத்தரின் பாலி திரிபிடகம் கி.மு. முதல் நூற்றாண்டில் இலங்கையில் ஏட்டில் ஏறியது. சீன மொழித் திரிபிடகத்தின் தைஷோ பதிப்போ நூறு தொகுதிகள். குரு கிரந்த சாகிப் மட்டும் கணக்குப்பிள்ளைக்குப் பிடித்த நூல்: 1,430 பக்கம், எந்தப் பிரதியை எடுத்தாலும் அதே பக்கத்தில் அதே வரி. அதற்குள் கபீர், நாமதேவர், ரவிதாஸ், சூஃபி ஃபரீத் ஆகியோரின் பாடல்களும் உண்டு.

கடவுள்

பௌத்தம், சமணம் இரண்டுக்கும் "இல்லை" என்று எழுதியிருப்பதை "படைத்தவர் இல்லை" என்று மாற்றுங்கள். தேவர்கள் இரண்டிலும் ஏராளம். அவர்களுக்கும் ஆயுள் முடியும், அவர்களும் மறுபிறவி எடுப்பார்கள். அவர்களைப் பிடித்து வீடுபேறு கிடைக்காது. மகாயானத்தில் அமிதாபர் என்ற புத்தரின் பெயரைச் சொல்லித் தூயநிலத்தில் பிறக்க வேண்டுபவரிடம் போய் "உங்களுக்குக் கடவுள் இல்லையாமே" என்று கேட்டால் சிரிப்பார்.

கிறிஸ்தவ வரியில் திரித்துவத்துக்கு நீர், பனி, ஆவி உவமையைப் போட்டிருக்கிறீர்கள். எடுத்துவிடுங்கள். ஒரே பொருள் மூன்று நிலை எடுக்கிறது என்பது திருச்சபையே தள்ளிவைத்த கொள்கை. திருச்சபை சொல்வது: தந்தை மகன் அல்லர், மகன் தூய ஆவி அல்லர், மூவரும் கடவுள், கடவுள் ஒருவரே. 325-இல் நிசேயா பொதுச்சங்கம், மகன் படைக்கப்பட்டவர் என்ற அரியுஸின் கருத்தை மறுத்து, அவர் தந்தையோடு ஒரே பொருளானவர் என்றது. 381-இல் கான்ஸ்டான்டினோபிளில் தூய ஆவியைப் பற்றிய வரிகள் விரிந்தன. உவமை இல்லாமல் இந்த நான்கு கூற்றுகளை மட்டும் எழுதினால் திரித்துவத்தை ஏற்கும் எந்தக் கிறிஸ்தவரும் குறை சொல்லமாட்டார்.

இந்து வரியில் "பல கடவுள்" என்றும் "ஒரே கடவுள்" என்றும் இரண்டு பேர் அடித்துத் திருத்திய தடம் தெரிகிறது. பிரகதாரண்யக உபநிடதத்தில் இதே கேள்வி வருகிறது. தேவர்கள் எத்தனை பேர் என்று சாகல்யர் கேட்க, யாக்ஞவல்கியர் 3,306 என்கிறார். மறுபடி கேட்டால் 33. மறுபடி 6, பிறகு 3, பிறகு 2, பிறகு ஒன்றரை, கடைசியில் ஒன்று. எந்த இடத்தில் நிறுத்துவது என்பதில்தான் பின்வந்த மரபுகள் பிரிந்தன. வேதச் சடங்கை ஆராய்ந்த பழைய மீமாம்சையோ வேதமே போதும், படைத்தவர் தேவையில்லை என்றது. அந்தக் கட்டத்தில் "மரபுக்கு மரபு வேறு" என்று எழுதுவது தட்டிக்கழிப்பதாகாது. அதுதான் சரியான விடை.

மறுமை

ஒரு மதத்தின் நம்பிக்கை பிறந்த அன்றே முழு உருவில் இருந்தது என்று நினைத்தால் இந்தக் கட்டம் முழுவதும் பிசகும். எபிரேய விவிலியத்தின் பழைய பகுதிகளில் செத்தவர் நல்லவரோ கெட்டவரோ எல்லோரும் ஷெயோல் என்ற இருட்டுலகுக்குப் போகிறார்கள். உயிர்த்தெழுதலும் தீர்ப்பும் தெளிவாக வருவது தானியேல் நூலின் இறுதியில், கி.மு. 2ஆம் நூற்றாண்டில். இயேசு காலத்திலும் யூதரில் சதுசேயர் என்ற பிரிவினர் அதை ஏற்கவில்லை. செத்தவர் கடக்கும் சின்வத் பாலம், இறுதித் தீர்ப்பு எல்லாம் ஜரதுஷ்டிர மரபில் உண்டு. பாரசீக ஆட்சியின்போது அங்கிருந்து யூதருக்கு வந்ததா என்பது தீராத வழக்கு, ஏனென்றால் அவெஸ்தா ஏட்டில் ஏறியது மிகவும் பிந்தி.

ரிக் வேதத்திலும் மறுபிறவி தெளிவாக இல்லை; செத்தவர் யமனுலகில் முன்னோரோடு சேர்கிறார். அதே உபநிடதத்தில், செத்தவர் என்ன ஆகிறார் என்று ஆர்த்தபாகர் கேட்கும்போது யாக்ஞவல்கியர் அவர் கையைப் பிடித்துச் சபைக்கு வெளியே கூட்டிப்போய்ப் பேசுகிறார். அவர்கள் பேசியது வினையைப் பற்றி என்கிறது நூல். புதுக் கருத்து என்பது அந்தத் தனிப்பேச்சிலேயே தெரிகிறது.

நீங்கள் மூன்று வரிகளில் "கர்மா, மறுபிறவி" என்று ஒன்றுபோல எழுதியிருக்கிறீர்கள். சொல் ஒன்று, இயங்கும் விதம் வேறு. சமணத்தில் வினை ஒரு நுண்பொருள்; தூசி போல உயிரில் ஒட்டுவது. தமிழ்ச் சமண நூல்களே இதற்கு அழகான சொற்களை வைத்திருக்கின்றன. வினை உள்ளே வருவது ஊற்று, ஒட்டிக்கொள்வது கட்டு, வரும் வழியை அடைப்பது செறிப்பு, ஒட்டியதை உதறுவது உதிர்ப்பு, எல்லாம் உதிர்ந்தால் வீடு. ஓட்டைப் படகை நினைத்துக்கொள்ளுங்கள்: முதலில் ஓட்டையை அடைக்க வேண்டும், பிறகு உள்ளே நிற்கும் நீரை இறைக்க வேண்டும். சமணத் துறவியின் கடுந்தவம் இந்த இறைப்பு வேலை. பௌத்தத்தில் வினை என்பது எண்ணம்; தெரியாமல் மிதித்த எறும்புக்கும் தெரிந்தே மிதித்ததற்கும் கணக்கு வேறு. அங்கே நிலையான உயிர் என்று எதுவும் இல்லை. ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றினால் சுடர் போவது போலப் பிறவி தொடர்கிறது. எதுவும் எடுத்துச் செல்லப்படவில்லை. இந்து மரபுகளில் பலவற்றில் வினைக்குத் தக்க பயனைச் சேர்ப்பிக்க இறைவன் வேண்டும். சீக்கியத்தில் வினை பிறவியைத் தரும், விடுதலையோ அருளால்தான்.

நீங்கள் போடாத கட்டம்

"ஒருவர் எப்படி உள்ளே வருகிறார்" என்று ஆறாவது கட்டம் ஒன்று சேர்த்தால், மற்ற ஐந்தும் சொல்லாததை அது சொல்லும். இஸ்லாமில் மனமறிந்து சொல்லும் கலிமா என்ற உறுதிமொழி, இரண்டே வாக்கியம். கிறிஸ்தவத்தில் திருமுழுக்கு, கத்தோலிக்கர் குழந்தைக்கே கொடுப்பார்கள், பாப்டிஸ்டுகள் நம்பிக்கையை அறிக்கையிடும் வயது வந்தவரை நீரில் முழுக்குவார்கள். பௌத்தத்தில் புத்தர், தம்மம், சங்கம் மூன்றையும் சரணடையும் முச்சரணம். யூத மதத்தில் தாய் யூதராக இருக்க வேண்டும். அமெரிக்கச் சீர்திருத்த யூதர் 1983 முதல் தந்தை வழியையும் நிபந்தனையோடு ஏற்கிறார்கள். வெளியிலிருந்து வருபவருக்கு மூவர் கொண்ட நீதிச்சபை, நீராட்டு, ஆணானால் விருத்தசேதனம். பிறப்பால் யூதரான ஒருவர் கடவுளை நம்பாவிட்டாலும் யூதர்தான். பார்சிகளில் குழந்தைக்கு நவ்ஜோத் சடங்கு செய்து, 72 இழை கொண்ட குஸ்தி என்ற புனிதக் கயிற்றை இடுப்பில் கட்டுவார்கள். கால்சாவில் சேருபவருக்கு, இரும்புக் கிண்ணத்தில் சர்க்கரை கரைத்த நீரை இருபுறக் கூர்வாளால் கலக்கி ஐவர் கொடுப்பார்கள். அமுதம் பெறாதவரும் சீக்கியரே. இந்து மதத்துக்கு இப்படி எல்லோருக்கும் பொதுவான ஒற்றை வாசல் கிடையாது.

வாசல் இப்படி வேறுபடுவதால், பின்பற்றுவோர் எண்ணிக்கைக் கட்டத்தையும் சேர்ப்பதானால் கீழே கூட்டுத்தொகை போடாதீர்கள். ஜப்பானில் ஷிண்டோ அமைப்புகளும் பௌத்த அமைப்புகளும் தத்தம் உறுப்பினர் என்று அரசிடம் கொடுக்கும் எண்களைக் கூட்டினால் நாட்டின் மக்கள்தொகையைத் தாண்டிவிடும். யாரும் பொய்க்கணக்கு எழுதவில்லை. குழந்தை பிறந்தால் ஷிண்டோ ஆலயத்துக்கும், ஆள் இறந்தால் பௌத்த மடத்துக்கும் போகிற ஒரே குடும்பம் இரண்டு வரியிலும் எண்ணப்படுகிறது.